டெட் லாசோ: ஹாலில் போட்டு எல்லாரும் பார்க்கலாமா?

"மனசுக்கு இதமான தொடர், குடும்பத்தோடு பாருங்கள்" என்ற சிபாரிசோடு அலுவலகங்களிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் கைமாறிக்கொண்டிருக்கும் ஆங்கிலத் தொடர்களில் 'டெட் லாசோ' முக்கியமானது. சிபாரிசு செய்கிறவர்களில் பலர் அதைத் தனியாக, ஹெட்போன் மாட்டிக்கொண்டு, மெட்ரோவிலோ படுக்கையிலோ பார்த்தவர்கள் என்பதைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள். அவர்கள் பேச்சை நம்பி, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஹாலில் இருக்கும் பெரிய டிவியில் முதல் பகுதியைப் போட்டால், சாப்பிட்ட தட்டு காய்வதற்குள் ரிமோட்டைத் தேட வேண்டியிருக்கும். அமெரிக்கத் தொலைக்காட்சி வகைப்பாட்டில் இத்தொடர் பெற்றிருப்பது டிவி-எம்ஏ முத்திரை. பெரியவர்களுக்காக எடுக்கப்பட்டது, 17 வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் பொருந்தாமல் போகலாம் என்பது அதன் பொருள். இதமான தொடர் என்பதும் பொய்யில்லை, முத்திரையும் பொய்யில்லை. இரண்டும் ஒரே தொடருக்கு எப்படிப் பொருந்துகின்றன, சென்னையில் ஒரே ஒரு டிவி இருக்கும் வீட்டில் இதை யாரோடு எந்த அளவுக்குப் பார்க்கலாம் என்பவையே இந்த மதிப்புரை எடுத்துக்கொள்ளும் கேள்விகள்.

என் தீர்ப்பை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஒன்பது, பத்தாம் வகுப்பைத் தாண்டிய பிள்ளைகள் இருக்கும் வீட்டில் பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து பார்க்கலாம்; சில பகுதிகளைச் சேர்ந்துதான் பார்க்க வேண்டும் என்றுகூடச் சொல்வேன். அதற்குக் கீழே இருக்கும் குழந்தைகளுக்கு வேண்டாம். தாத்தா, பாட்டியோடு பார்ப்பது அந்தத் தாத்தா, பாட்டியைப் பொறுத்தது. எங்கள் வீட்டுப் பாட்டியைப் பற்றிப் பிறகு வருகிறேன்.

தொடரைப் பற்றிய அடிப்படைத் தகவல்களை விரைவாகக் கடந்துவிடலாம். 2013இல் என்பிசி ஸ்போர்ட்ஸ் நிறுவனம் இங்கிலாந்தின் பிரீமியர் லீக் கால்பந்து ஒளிபரப்பை விளம்பரப்படுத்துவதற்காக ஜேசன் சுடெய்கிஸை வைத்து எடுத்த சிறு விளம்பரப் படத்தில்தான் டெட் லாசோ என்ற பாத்திரம் பிறந்தது. அதுவே 2020 ஆகஸ்ட் 14 அன்று ஆப்பிள் டிவி பிளஸ் தளத்தில் தொடராகத் தொடங்கி, மூன்று சீசன்களில் 34 பகுதிகளாக ஓடி, 2023 மே 31 அன்று நிறைவடைந்தது. 2021, 2022 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் சிறந்த நகைச்சுவைத் தொடருக்கான எம்மி விருதைப் பெற்றது. நான்காவது சீசன் 2025 மார்ச்சில் அறிவிக்கப்பட்டது. இங்கே நான் பேசுவது முதல் மூன்றைப் பற்றி மட்டுமே.

கதை எளிமையானது. அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் கல்லூரி மாணவர்களுக்கு அமெரிக்கக் கால்பந்து (பெயர் ஒன்றுபோல் இருந்தாலும் அது வேறு ஆட்டம்) சொல்லித்தரும் பயிற்சியாளர் ஒருவரை, லண்டனில் உள்ள ஏஎஃப்சி ரிச்மண்ட் என்ற கற்பனைக் கால்பந்து அணிக்குப் பயிற்சியாளராகக் கூட்டி வருகிறார் அதன் புதிய முதலாளி ரெபெக்கா. அந்தப் பயிற்சியாளர் டெட்டுக்கு லண்டன் அணி ஆடும் ஆட்டத்தின் அரிச்சுவடியே தெரியாது; தெரியாது என்பதுதான் அவரைத் தேர்ந்தெடுக்கக் காரணம். விவாகரத்தில் தன் கைக்கு வந்த அணியை நாசமாக்கி, அதை உயிராக நேசித்த முன்னாள் கணவர் ரூப்பர்ட்டின் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்ள வேண்டும் என்பது ரெபெக்காவின் திட்டம். மீசையும் பிஸ்கட் டப்பாவுமாக வந்து சேரும் டெட், அந்தத் திட்டம் தெரியாமலேயே அங்கிருக்கும் ஒவ்வொருவரையும் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுகிறார்.

கால்பந்து தெரியாதவர்கள் பார்க்கலாமா என்ற தயக்கம் சென்னையில் இயல்பாக எழும். கால்பந்துக்குப் பெயர்போன வியாசர்பாடி வீடுகளுக்கும், பெரியமேடு நேரு விளையாட்டரங்கில் சென்னையின் எஃப்சி ஆடுவதைப் பார்த்த வீடுகளுக்கும் அந்தக் கவலை கிடையாது. மற்ற வீடுகளில் ஒரே ஒரு விஷயத்தை விளக்கினால் போதும். பிரீமியர் லீக்கில் 20 அணிகள். ஒவ்வோர் அணியும் 38 ஆட்டங்கள் ஆடியபின் கடைசி மூன்று இடங்களில் இருக்கும் அணிகள் அடுத்த ஆண்டு கீழ்ப்பிரிவுக்குத் தள்ளப்படும். 2025 ஐபிஎல்லில் சென்னை சூப்பர் கிங்ஸ் பத்தாவது இடத்தில் முடித்தும் அடுத்த ஆண்டு அதே போட்டியில் அதே மஞ்சள் சட்டையோடு நின்றது போன்ற சலுகை அங்கே இல்லை. இதை மட்டும் சொல்லி வைத்தால் முதல் சீசனின் கடைசிப் பகுதி ஏன் அவ்வளவு கனக்கிறது என்பது யாருக்கும் விளங்கிவிடும்.

இனி முத்திரைக்கு வருவோம். ஓடிடி தளங்களில் வரும் நிகழ்ச்சிகளுக்குத் தணிக்கை வாரியத்தின் சான்றிதழ் கிடையாது. 2021 பிப்ரவரி 25 அன்று மத்திய அரசு வெளியிட்ட தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி, தளங்களே தம் நிகழ்ச்சிகளை யு, யு/ஏ 7+, யு/ஏ 13+, யு/ஏ 16+, ஏ என ஐந்து வகைகளாகப் பிரித்து, அதற்கான காரணத்தையும் தொடக்கத்தில் காட்ட வேண்டும். 13+ முதல் மேலே உள்ளவற்றுக்குப் பெற்றோர் பூட்டுப் போடும் வசதி தர வேண்டும். (அந்தப் பூட்டின் நான்கு இலக்க எண் பல வீடுகளில் குழந்தை பிறந்த ஆண்டுதான் என்பதால், வீட்டில் அதை முதலில் கண்டுபிடிப்பது யார் என்று சொல்ல வேண்டியதில்லை.) இந்த விதிகளின் பின்னிணைப்பைப் படித்தால் ஒன்று புரிகிறது. வசைமொழி, நிர்வாணம், பாலுறவு, வன்முறை, மது, போதைப்பொருள், பார்த்துச் செய்யத் தூண்டும் செயல்கள் என்று பட்டியல் போடும் அதே விதிகள், காட்சியின் சூழலையும் கருப்பொருளையும் தொனியையும் பார்வையாளர்மீது அது ஏற்படுத்தும் தாக்கத்தையும் சேர்த்தே எடைபோடச் சொல்கின்றன. திரையின் மூலையில் சில விநாடிகள் தோன்றி மறையும் எழுத்துகளுக்குள் பட்டியல் வந்துவிடுகிறது. சூழலும் தொனியும் வருவதில்லை. அவற்றைப் பார்த்துச் சொல்லும் வேலை வீட்டில் இருப்பவர் தலையில் விழுகிறது. டெட் லாசோவைப் பொறுத்தவரை அந்த வேலை கொஞ்சம் பெரியது.

பட்டியலின்படி பார்த்தால் முதல் குற்றவாளி மொழி. அணியின் தலைவராக அறிமுகமாகும் ராய் கென்ட், ஓய்வு பெறும் வயதை நெருங்கிய, முழங்கால் தேய்ந்த ஆட்டக்காரர். கெட்ட வார்த்தை இல்லாமல் அவரால் காலை வணக்கம்கூடச் சொல்ல முடியாது. ஆங்கிலத்தில் எழுத்தில் நட்சத்திரக் குறி போட்டு மறைக்கும் அந்த ஒரு சொல், பெயர்ச்சொல்லாகவும் வினைச்சொல்லாகவும் வெறும் மூச்சாகவும் அவர் வாயில் புழங்குகிறது. அவர் ஒருவர்தான் என்றும் இல்லை. முதலாளி ரெபெக்கா, நிருபர்கள், மதுக்கடை ரசிகர்கள் என்று எல்லார் வாயிலும் அது உண்டு. மைதானமே ஒரு வசைச்சொல்லை ராகமாகப் பாடித்தான் டெட்டை வரவேற்கிறது, பிறகு நாளாக ஆக அதுவே செல்லப் பெயர்போல் ஆகிவிடுகிறது. தியேட்டரில் இப்படிப்பட்ட இடங்களில் ஒலியை நிறுத்திவிடுவார்கள். இங்கே அப்படி எதுவும் கிடையாது.

ஆனால் இந்தத் தொடருக்குத் தன் வாய் எப்படிப்பட்டது என்பது தெரியும். ராயின் சகோதரி மகள் ஃபீபி, பள்ளிக்குப் போகும் சிறுமி, மாமா ஒவ்வொரு முறை கெட்ட வார்த்தை பேசும்போதும் ஒரு பவுண்டு அபராதம் விதித்துக் கணக்கு வைத்திருக்கிறாள். ராயும் மறுபேச்சில்லாமல் கட்டுகிறார். அந்தக் குழந்தைக்காக அவர் எதையும் செய்வார் என்பதும், அவளுக்கு முன்மாதிரியாக இருக்கத் தன்னால் முடியவில்லையே என்ற வெட்கம் அவருக்கு இருப்பதும் அந்த அபராதக் கணக்கிலேயே தெரிந்துவிடுகிறது. மாநகராட்சிப் பள்ளியில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற என் அம்மா, அதாவது நான் முன்பு சொன்ன எங்கள் வீட்டுப் பாட்டி, முதலில் ராய் வரும்போதெல்லாம் முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தவர், ஃபீபி வந்த பிறகு, "வாயைத் திறந்தா சாக்கடை, ஆனா மனுஷன் தங்கம்டா" என்று சொல்லிவிட்டு எழுந்து போகாமல் உட்கார்ந்துவிட்டார். பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் என் அண்ணன் மகளோ, "எங்க ஸ்கூல் வேன்ல இதைவிட மோசமா பேசுவாங்க, சித்தப்பா" என்று என்னைத் தேற்றினாள். தேறுதலாக இல்லை என்பது வேறு விஷயம். இருந்தாலும் பதினாறு வயதுப் பிள்ளைக்கு இந்தத் தொடர் புதிதாகக் கற்றுத்தரும் கெட்ட வார்த்தை எதுவும் இல்லை என்றே நினைக்கிறேன். எட்டு வயதுக் குழந்தைக்கு நிச்சயம் கற்றுத்தரும். வயது எல்லையை நான் ஒன்பதாம் வகுப்பில் போடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இரண்டாவது, பாலியல். காட்டுவதைவிடப் பேசுவதே அதிகம். நிர்வாணம் அரிது, படுக்கையறைக் காட்சிகள் குறுகியவை, பெரும்பாலும் அதற்கு முன்னோ பின்னோ நடக்கும் பேச்சோடு முடிந்துவிடும். ஆனால் அந்தப் பேச்சில் ஒளிவுமறைவு இல்லை. ஜேமி டார்ட் என்ற இளம் நட்சத்திரத்தின் காதலியாகவும் பிறகு ராயின் காதலியாகவும் வரும் கீலி, எந்தச் சங்கதியையும் யாரிடமும் கூச்சமில்லாமல் பேசுகிறவர். மூன்றாவது சீசனில் ஆம்ஸ்டர்டாம் நகரத்தில் நடக்கும் ஆறாவது பகுதியில் சிவப்பு விளக்கு வட்டாரம், போதைப்பொருள் பற்றிய பேச்சு உண்டு. அதைப் பெரியவர்கள் தனியாகப் பார்த்துக்கொள்வது நல்லது. தன்பால் ஈர்ப்பு கொண்ட காலின் என்ற ஆட்டக்காரரின் கதை அந்த சீசனில் ஓடுகிறது. அதைக் காரணம் காட்டிப் பிள்ளைகளிடமிருந்து தொடரை மறைக்க வேண்டும் என்று நான் கருதவில்லை; அணித் தோழர்களிடம் சொல்ல முடியாத ஒன்றைச் சுமந்து திரியும் பையனின் பயத்தை அது கண்ணியமாகவே காட்டுகிறது.

பட்டியல் இதோடு முடிந்துவிடும். மது ஒவ்வொரு பகுதியிலும் ஓடுகிறது, வன்முறை மிகக் குறைவு, இரண்டாவது சீசனின் தொடக்கத்தில் பெனால்டி பந்து பட்டு ஒரு நாய் செத்துப்போவது நாய் வளர்க்கும் வீட்டுக் குழந்தைகளை அழவைக்கும். இவ்வளவையும் கூட்டி ஒரு எண்ணாக ஆக்கினால் டிவி-எம்ஏ வருவதில் வியப்பில்லை. என் வாதம் இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

ஒரு தொடர் வீட்டுக்கு உகந்ததா என்பதை அதில் வரும் சொற்களை வைத்து மட்டும் முடிவுசெய்தால், மாலை ஆறரை மணி முதல் நம் ஹாலில் ஓடும் தமிழ் சீரியல்கள் எல்லாமே தேறிவிடும். அவற்றில் ஒரு கெட்ட வார்த்தையும் இருக்காது, முத்தம் இருக்காது, எல்லாரும் பட்டுப்புடவையில் இருப்பார்கள். பாலில் விஷம் கலப்பதும், மருமகளை நாலு பேர் முன்னால் நிற்கவைத்து அவமானப்படுத்துவதும், கருவைக் கலைக்கத் திட்டம் போடுவதும் மட்டும் வாரத்துக்கு ஆறு நாள் பின்னணி இசையோடு நடக்கும், அதைக் குழந்தைகள் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டே பார்ப்பார்கள். அந்தக் கதைகளில் அவமானம்தான் விருந்து. டெட் லாசோவில் எவ்வளவு வசை வந்தாலும், ஒருவர் மற்றவரைச் சிறுமைப்படுத்தி அதில் ஜெயிப்பது வேடிக்கையாகக் காட்டப்படுவதே இல்லை. அப்படிச் செய்கிறவருக்கு அதற்கான விலை எங்கோ காத்திருக்கும். செய்யப்பட்டவருக்குத் துணையாக யாராவது வந்து நிற்பார்கள்.

முதல் சீசனின் எட்டாவது பகுதியில் வரும் டார்ட்ஸ் (பலகையில் சிறு அம்பு எறியும் ஆட்டம்) காட்சியைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். மதுக்கடையில், ரெபெக்காவைச் சீண்டுவதற்காகவே வந்திருக்கும் ரூப்பர்ட், டெட்டைப் பந்தயத்துக்கு இழுக்கிறார். தான் ஜெயித்தால் கடைசி இரண்டு ஆட்டங்களுக்கு அணியைத் தானே தேர்ந்தெடுப்பேன் என்கிறார். டெட் ஜெயித்தால், ரெபெக்கா பொறுப்பில் இருக்கும்வரை ரூப்பர்ட் உரிமையாளர் மாடத்தின் பக்கமே வரக்கூடாது என்பது நிபந்தனை. சுமாராக எறிந்துகொண்டிருக்கும் டெட், பாதியில், தான் இடது கைக்காரன் என்பதை மறந்துவிட்டதாகச் சொல்லி அம்பைக் கை மாற்றிப் பிடிக்கிறார். கடைசி மூன்று அம்புகளை ஒவ்வொன்றாக எறிந்தபடியே பேசுகிறார்: வாழ்நாள் முழுக்கப் பலர் தன்னைக் குறைத்து எடைபோட்டார்கள், அவர்களில் ஒருவருக்கும் தன்னிடம் ஒரு கேள்வி கேட்டுப் பார்க்கத் தோன்றவில்லை, "டார்ட்ஸ் நிறைய ஆடியிருக்கிறாயா" என்று யாராவது கேட்டிருந்தால், பத்து வயதிலிருந்து பதினாறு வயதில் அப்பா இறக்கும்வரை ஞாயிறுதோறும் அவரோடு போய் ஆடியதைச் சொல்லியிருப்பேன் என்கிறார். குரல் உயரவில்லை, பழிவாங்கிய மகிழ்ச்சியும் முகத்தில் இல்லை. தெருவில் பஞ்ச் டயலாக் கேட்டு வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு, எதிரியைத் தரையில் தள்ளாமல் ஒருவர் ஜெயிக்கும் காட்சி எவ்வளவு புதிதாக இருக்கும் என்பதை அருகில் உட்கார்ந்து பார்த்தேன். அந்தக் காட்சிக்குள்ளும் இரண்டு மூன்று கெட்ட வார்த்தைகளாவது இருந்திருக்கும், யாரும் கவனிக்கவில்லை.

அந்தப் பேச்சில் போகிறபோக்கில் விழும் "அப்பா இறக்கும்வரை" என்பதைத்தான் பெற்றோர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டாவது சீசனில், அணிக்கு வந்துசேரும் உளவியல் மருத்துவர் ஷேரனிடம், தனக்குப் பதினாறு வயதாக இருந்தபோது தன் அப்பா தற்கொலை செய்துகொண்டார் என்று டெட் சொல்கிறார். எட்டாவது பகுதியில் இது ஒரு வாக்கியமாக வருகிறது. பத்தாவது பகுதியில், ஒரு சாவு வீட்டுக்குக் கிளம்பும் நேரத்தில் பதற்றத்தால் மூச்சு முட்டி நின்றுவிடும் டெட், முழுவதையும் சொல்கிறார். நிகழ்வு காட்சியாக வருவதில்லை, பேச்சாக மட்டுமே வருகிறது. ஆனாலும் நகைச்சுவைத் தொடர் என்று நம்பி உட்கார்ந்திருக்கும் குடும்பத்தை அது கலங்கடித்துவிடும். தேர்வு முடிவுகள் வரும் வாரங்களில் எந்தச் செய்தியைப் படிக்க நேருமோ என்று நாம் பயந்துகொண்டிருக்கும் ஊரில், பதின்வயதினர் இருக்கும் வீட்டில், இந்தப் பகுதியைப் பிள்ளை தன் அறையில் தனியாகப் பார்க்கும்படி விட்டுவிடக்கூடாது. உறவிலோ அக்கம்பக்கத்திலோ அப்படி ஓர் இழப்பு நடந்திருந்தால், பெரியவர் ஒருவர் முன்னதாகப் பார்த்துவிட்டு, என்ன வரப்போகிறது என்று சொல்லிவிட்டுப் போடுவதே முறை. செய்தித்தாள்கள் இப்படிப்பட்ட செய்திகளின் அடியில் அச்சிடும் சிநேகா, 104 ஆகிய தற்கொலைத் தடுப்பு உதவி எண்களைப் பேச்சோடு பேச்சாக ஒருமுறை பிள்ளைக்குச் சொல்லி வைப்பதிலும் தவறில்லை. தாராளமாகச் சிரித்துக்கொண்டே இருக்கும் ஒரு மனிதர் உள்ளே எதைத் தூக்கிக்கொண்டு திரிகிறார், உதவி கேட்பது அவருக்கு ஏன் அவ்வளவு கடினமாக இருக்கிறது என்பதை இவ்வளவு பொறுமையாகக் காட்டும் தொடர்கள் அதிகம் இல்லை. டிவி-எம்ஏ என்ற முத்திரைக்கு அஞ்சி இதைத் தவிர்த்தால் இழப்பு நமக்குத்தான்.

அப்பாக்கள் இந்தத் தொடரில் அடிக்கடி வந்து போகிறார்கள், பெரும்பாலும் நல்ல பெயரோடு இல்லை. ஜேமியின் அப்பா, லண்டனின் வெம்ப்ளி மைதானத்தில் அணி படுதோல்வி அடைந்த நாளில் குடித்துவிட்டு உடைமாற்றும் அறைக்கே வந்து மகனைக் கேவலப்படுத்துகிறார். அறை முழுக்க உறைந்து நிற்கிறது. மகன் அவரை அடித்துவிடுகிறான். அதன்பிறகு, ஜேமியைக் கண்டாலே எரிந்து விழும் ராய், ஒரு வார்த்தையும் பேசாமல் போய் அவனைக் கட்டிப்பிடித்துக்கொள்கிறார். இது அடிக்கும் அப்பாவின் கதை. நம் ஊர் அப்பாக்கள் பலர் இதைப் பார்த்து "நான் அப்படியில்லை" என்று தப்பித்துவிடலாம். தப்பிக்க முடியாதது நேட்டின் அப்பா. ஆட்டக்காரர்களின் உடைகளைத் துவைத்து மடிக்கும் இடத்திலிருந்து உதவிப் பயிற்சியாளராக உயரும் நேட், வீட்டுக்கு எந்தச் செய்தியைக் கொண்டுபோனாலும் அப்பா செய்தித்தாளைத் தாழ்த்திப் பாராட்டுவதில்லை. 98 மதிப்பெண் வாங்கி வந்தால் மீதி 2 எங்கே என்று கேட்கும் அதே இனம். கிடைக்காத அந்தப் பாராட்டு நேட்டுக்குள் புளித்து, தனக்குக் கீழே வேலை செய்யும் பையனை அவன் மிரட்டுவதிலும், தன்னை ஏற்றிவிட்ட டெட்டுக்கே துரோகம் செய்வதிலும் போய் முடிகிறது. இரண்டாவது சீசனின் நிஜமான கதை இதுதான் என்பேன். அண்ணன் இந்தப் பகுதிகளின்போது அதிகம் பேசவில்லை.

பெண் பிள்ளை இருக்கும் வீட்டில் மூன்றாவது சீசனின் எட்டாவது பகுதியைச் சேர்ந்து பார்க்க வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வேன். முத்திரை அதைத்தான் முதலில் தடுக்கும். கீலி முன்பு காதலனுக்காக எடுத்த அந்தரங்க வீடியோ ஒன்று, பிரபலங்களின் கணக்குகள் ஊடுருவப்படும்போது இணையத்தில் கசிந்துவிடுகிறது. வீடியோவில் இருப்பதைக் காட்சியாகக் காட்டிக் காசாக்கும் வேலையைத் தொடர் செய்யவில்லை. அதற்குப் பதிலாகச் சுற்றியிருப்பவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதைக் காட்டுகிறது. கீலியின்மேல் உண்மையான அன்பு கொண்ட ராயே, முதலில் அவளுக்கு ஆறுதலாகப் பேசிவிட்டு, அது யாருக்காக எடுத்தது என்று கேட்டுவிடுகிறார். அந்த ஒரு கேள்வியில் கீலியின் முகம் மாறுவதைப் பார்க்க வேண்டும். மறுபக்கம், அணித் தலைவர் ஐசக், உடைமாற்றும் அறையில் எல்லாரையும் தங்கள் போனில் இருக்கும் அப்படிப்பட்ட படங்களை அங்கேயே அப்போதே அழிக்கச் சொல்கிறார். தன் மின்னஞ்சலுக்கு அலட்சியமாகக் கடவுச்சொல் வைத்திருந்த ஜேமி, சாக்குச் சொல்லாமல் கீலியிடம் போய் மன்னிப்புக் கேட்கிறான். இப்படி ஒரு படம் வெளியே வந்தால் அந்தப் பெண்ணைத்தான் முதலில் கூண்டில் ஏற்றுகிறோம். படத்தைப் பரப்பியவனைத் தண்டிக்கத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 66இ பிரிவு இருப்பதைப் பலரும் அறிய மாட்டார்கள். பதினாறு வயதுப் பெண்ணும் பையனும் இந்தப் பகுதியை வீட்டுப் பெரியவர்களோடு உட்கார்ந்து பார்ப்பதால் ஏற்படும் சங்கடம் நாற்பது ஐம்பது நிமிடம்தான். அந்தப் பகுதியைப் பார்த்து முடித்த இரவில் எங்கள் வீட்டில் நடந்த பேச்சு, வேறு எந்த வகையிலும் நடந்திருக்காது.

எல்லாவற்றையும் புகழ்ந்துகொண்டே போவது மதிப்புரைக்கு அழகில்லை. இரண்டாவது சீசனில் ரெபெக்காவுக்கும், அவரிடம் சம்பளம் வாங்கும் இருபத்தொரு வயது ஆட்டக்காரர் சாமுக்கும் இடையே வரும் காதலைத் தொடர் மிகவும் இனிப்பாகக் காட்டுகிறது. முகம் தெரியாமல் செயலி வழியாகப் பழகியவர்கள் என்ற சமாதானம் சொல்லப்பட்டாலும், முதலாளியும் வேலைக்காரரும் என்ற ஏற்றத்தாழ்வைப் பற்றிய கேள்வி சற்று உரசிவிட்டுக் கடந்துபோகப்படுகிறது. முதலாளி ஆணாகவும் ஆட்டக்காரர் பெண்ணாகவும் இருந்திருந்தால் இந்த எழுத்தாளர்களே இவ்வளவு பரிவோடு எழுதியிருக்க மாட்டார்கள். முத்திரையின் பட்டியலில் இதற்கு இடமில்லை. கெட்ட வார்த்தை இல்லாத, பார்க்க அழகான அந்தக் காட்சிகள்தான் வளரும் பிள்ளையின் மனதில் சரியென்று பதிந்துவிடும். ராயின் வாயைவிட இதுதான் எனக்கு உறுத்தியது.

மூன்றாவது சீசன் பொதுவாகவே நீண்டுவிட்டது. முதல் சீசனின் பகுதிகள் அரை மணி நேரத்தை ஒட்டி முடிந்ததால் சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் நடுவே கச்சிதமாக உட்கார்ந்தன. மூன்றாவதில் சில பகுதிகள் ஒரு மணி நேரத்தைத் தாண்டுகின்றன, கிளைக்கதைகள் ஆளுக்கு ஒரு பக்கம் இழுக்கின்றன, சிரிப்பும் இடைவெளி விட்டே வருகிறது. பள்ளி நாட்களில் இதை ஹாலில் ஓட்டுவது நடைமுறையில் கடினம். அரையாண்டு விடுமுறையிலோ பொதுத்தேர்வு முடிந்த பிறகோ வைத்துக்கொள்ளலாம்.

பார்க்கத் தொடங்குகிறவர்களுக்குச் சில நடைமுறைக் குறிப்புகள். ஆங்கில வசன வரிகளைப் போட்டுக்கொள்ளுங்கள். ஜேமியின் மான்செஸ்டர் உச்சரிப்பு நம் காதுக்கு எளிதில் பிடிபடாது. அதன் விலை, காதில் தப்பிய கெட்ட வார்த்தைகளும் திரையில் எழுத்தாக வந்து நிற்கும் என்பதே. பாட்டிக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியும் என்றால் இதை யோசித்துச் செய்யுங்கள். இரண்டாவது சீசனின் ஒன்பதாவது பகுதி, துணைப் பயிற்சியாளர் பியர்டு ஓர் இரவு முழுக்க லண்டனில் அலைவதைப் பற்றிய தனிக்கதை. அதைத் தாவிவிட்டால் கதையில் எதுவும் விட்டுப்போகாது, அடிதடியும் விசித்திரமும் அதில்தான் அதிகம். மூன்றாவது சீசனின் ஆம்ஸ்டர்டாம் பகுதியில் டெட்டின் கதை கொஞ்சம் நகர்வதால் பெரியவர் பார்த்துவிட்டு இரண்டு வரியில் சொல்லிவிடலாம். முதல் சீசனின் முதல் மூன்று பகுதிகளைப் பெற்றோர் மட்டும் முதலில் பார்த்துவிடுவது நல்லது. ராயின் மொழி எந்த அளவு, கீலியின் பேச்சு எந்த அளவு என்பது அதற்குள் தெரிந்துவிடும். அந்த அளவு உங்கள் ஹாலுக்கு ஒத்துவரவில்லை என்று தோன்றினால் அங்கேயே நிறுத்திவிடலாம், பின்னால் குறையும் என்று காத்திருக்க வேண்டாம், குறையாது.